வெளியாள் கேள்வி

கடைசித் தேர்வுக்கு மூன்றே நாள் இருக்கும்போது ரிசப்ஷன் அக்கா மாடிப்படியில் கால் பிசகி விழுந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு போட்டது அவருக்கு. செய்தி கேட்டு வெலவெலத்துப் போனவளோ ஸ்கேன்காரி. "ஐயோ அக்கா, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்பதற்கு முன்னாலேயே, "அப்போ சனிக்கிழமை?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு தன்னையே நொந்துகொண்டாள். என்ன செய்வது, பயம் வந்துவிட்டால் மரியாதையெல்லாம் இரண்டாம்பட்சம்தான்.

ஸ்கேன்காரி என்பது கல்லூரியில் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். பகலெல்லாம், ரிசப்ஷன் அக்கா இருக்கும் அதே பரிசோதனைக் கூடத்தில், ஸ்கேன் எடுக்கும் வேலை. மாலையிலும் சனிக்கிழமையிலும் தத்துவத்தில் இளங்கலைப் படிப்பு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர்கள் கிடையாது. அம்மா உயிரோடு இருந்தபோது, "தத்துவமா? அதப் படிச்சு யாருக்கு ஊசி போடப் போற?" என்று கேட்டாள். சம்பந்தம் இருக்கத்தான் செய்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் அவள் முன்னால் படுப்பார்கள். வயிற்றில் ஜெல்லைத் தடவி, "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி அவள் திரையைப் பார்க்கும்போது, அவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "ஏதாவது தெரியுதா மேடம்?" தெரிந்தாலும் அவள் சொல்லக்கூடாது. வேலை விதி அப்படி. டாக்டர் சொல்வார் என்று சொல்லிவிட்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டே மாதத்தில் அதில் கை தேர்ந்துவிட்டாள். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டிருப்பது பொய்யில் சேர்த்தியா இல்லையா என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. அந்த உறுத்தல்தான் அவளைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு திட்டத்தாள் கொடுத்தார்கள். முப்பத்தாறு கட்டம். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று மாணவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். தப்பாக நிரப்பினால் மாணவரே அனுபவிக்க வேண்டும். அவளும் கணவரும் சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பொடி எழுத்தைப் படிப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவரின் கண்ணிலேயே அடியில் இருந்த ஒரு வரி படவில்லை: தருக்கவியலின் இரண்டாம் பகுதியை ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டுதான் நடத்துவார்கள். அது முடியாமல் மேற்கொண்டு ஏழு பாடங்களைத் தொட முடியாது. அந்த ஒரு வரியில் அவளுக்கு இரண்டு ஆண்டு போயிற்று. பிறகு அதே தருக்கவியலில் ஒரு தடவை கோட்டை விட்டாள். அம்மா இறந்த சமயத்தில் ஒரு பருவம் முழுக்க வகுப்புப் பக்கமே போகவில்லை. பகுதிநேர மாணவர்களுக்குக் கெடு எட்டு ஆண்டு. இது எட்டாவது ஆண்டின் கடைசி மாதம். முப்பத்தைந்து கட்டம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. அது இந்தச் சனிக்கிழமை நடக்காவிட்டால் முப்பத்தைந்தும் குப்பை.

அந்த ஒன்றுக்கு எதிர்வாதம் என்று பெயர். வேறெங்கும் கேள்விப்படாத கூத்து. ஒரு மாணவர் ஆண்டு முழுக்க முட்டி மோதி ஒரு கருத்தை நிலைநாட்டி ஆய்வுக் கட்டுரை எழுதுவார். கடைசித் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் நின்று, அதே கருத்தை எதிர்த்துப் பதினைந்து நிமிடம் வாதாட வேண்டும். ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வர முடியாது. எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி, தான் எழுதியதைத் தானே கிழித்துத் தொங்கவிட வேண்டும். போதாததற்கு ஒரு வெளியாள் வேறு. தத்துவம் படித்திருக்கக் கூடாது. மாணவரோடு ஒரே வீட்டில் இருக்கவும் கூடாது, ஏனென்றால் வீட்டு ஆளுக்கு ஏற்கெனவே கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். அந்த வெளியாள் வாதத்தைக் கேட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலையும் கேட்டுவிட்டு, ஒரு படிவத்தில் 'புரிந்தது' என்றோ 'புரியவில்லை' என்றோ கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுவார். புரியவில்லை என்று எழுதிவிட்டால் பேராசிரியர்கள் தலைகீழாக நின்றாலும் பட்டம் இல்லை. சாதாரண மனுஷனுக்குப் புரியாத தத்துவம் யாருக்கு வேண்டும் என்று என்றைக்கோ ஒரு புண்ணியவான் கேட்டு வைத்துவிட்டுப் போனதன் பலன் இது.

அவளுடைய வெளியாள்தான் இப்போது காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நீ கவலய விடு. நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர். இந்த வார்த்தையை அவர் சொன்னாலே அவளுக்குக் கவலை இரண்டு மடங்காகும். போன தடவை பார்த்துக்கொண்டதில் குளியலறைக் குழாய் கையோடு வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவர் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். "யாரு வராங்க சொல்லு பாப்போம்."

"யாரு?"

"உங்கண்ணன்! ஃபோன் பண்ணேன். தங்கச்சி பட்டம் வாங்கறதுக்கு நான் வராம யாரு வருவாங்கன்னு கேட்டுட்டார். நல்லவேளை, அவருக்கு இது லீவு மாசம்தானாம். லீவு போட்டாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு. சனிக்கிழமை காலைல நேரா கல்லூரிக்கே வந்துடுவார். காலேஜ் ஆபீஸ்ல பேரையும் கொடுத்துட்டேன், ஒத்துக்கிட்டாங்க. இனிமே மாத்த முடியாதாம், அதனால நிம்மதியா இரு."

அவள் பேயறைந்த மாதிரி நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவளுடைய ஆய்வு, பொய்யைப் பற்றியது. சாகப் போகிறவர் தாமாகக் கேட்காதவரைக்கும் அவரிடம் உண்மையை மறைப்பது தப்பில்லை, மிச்சமிருக்கும் நாட்களைப் பயம் தின்றுவிடாமல் காப்பது அன்புதான் என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். நடுவில் ஓர் உதாரணம். 'ஒரு பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருப்பவள். ஒரு நாள் அவளுடைய தாயே வயிற்று வலி என்று வந்து படுக்கிறாள்.' தத்துவக்காரர்களுக்கு இது ஒரு வசதி. வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், யாரும் வந்து கையைப் பிடித்துக் கேட்கமாட்டார்கள். வழிகாட்டிப் பேராசிரியை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "எங்கேந்துங்க பிடிச்சீங்க இந்த உதாரணத்த? கண்ணு முன்னால நடக்கற மாதிரி இருக்கு" என்று பாராட்டினார்.

கண் முன்னால்தான் நடந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் அம்மாவின் கல்லீரலில் வட்டம் வட்டமாக இருந்ததைத் திரையில் முதலில் பார்த்தவள் அவள்தான். டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை, நாலு மாதம் போகும் என்றார். யார் சொல்வது என்று அவர் கேட்டபோது, "எங்கம்மாதான் டாக்டர், நானே சொல்லிக்கறேன்" என்று அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து சொன்னது இது: "கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கும்மா, மாத்திரை போட்டா சரியாயிடும்." அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்காதது அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆனால் அதோடு முடியவில்லை. அண்ணன் தூர தேசத்தில் லிஃப்ட் மெக்கானிக். வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் குறிப்பிட்ட மாதத்தில்தான் லீவு. அகாலத்தில் அவன் வந்து வாசலில் நின்றால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால் ஃபோனில், "அம்மாவுக்கு லேசா உடம்பு சரியில்ல, அவசரமில்ல, லீவு கிடைக்கறப்போ வா" என்று சொன்னாள். நாலு மாதம் என்ற கணக்கில் சொன்னாள். அம்மா முப்பத்தெட்டாவது நாள் போய்விட்டாள். அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திடீர்னு போயிட்டாங்களே, திடீர்னு போயிட்டாங்களே என்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் நின்று, ஆமாம், திடீர்னுதான் என்றாள்.

இப்போது அந்த அண்ணன் வெளியாளாக வந்து உட்காரப் போகிறான். அவள் அந்தப் பெண்ணுக்கு எதிராக, அவன் காது கேட்க, வாதாட வேண்டும். நன்றாக வாதாடினால் அவன் கண்டுபிடித்துவிடுவான். சொதப்பினால் எட்டு ஆண்டு போச்சு.

பட்டம் போனாலும் போகட்டும் என்று அவனைத் தடுக்க ஒரு முயற்சி செய்தாள். ஃபோனைக் கையில் எடுத்து எண்ணையும் அழுத்திவிட்டாள். என்ன சொல்வது என்று யோசித்தபோது நாக்கு நுனிக்கு வந்த வார்த்தை, அவசரமில்ல அண்ணா, லீவு கிடைக்கறப்போ வா என்பதுதான். அந்தப் பக்கம் மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டுப் போய் முகத்தைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வழிகாட்டியின் அறைக்குப் போனாள். வெளியாளுக்கு அனுப்பும் இரண்டு பக்கச் சுருக்கத்தில் பிரச்சினை இல்லை. ரிசப்ஷன் அக்காவுக்கு மூக்கு நீளம் என்பதால் அதில் முன்பே வேறு உதாரணம்தான் போட்டிருந்தாள், வேலை போனதை அப்பாவிடம் மறைக்கும் ஒரு மகன். அண்ணனுக்கும் அதுதான் போயிருந்தது. நாளைக்கும் அந்த மகனை வைத்தே பேசிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

"ஏன்? அந்த ஸ்கேன் உதாரணம்தானே கட்டுரைக்கே உயிரு" என்றார் வழிகாட்டி.

"இல்ல மேடம், அது கொஞ்சம்... ஜாஸ்தியா இருக்கோன்னு."

"தேர்வாளருங்க மூணு பேரும் அந்தப் பக்கத்ததான் மடிச்சு வெச்சிருக்காங்க. நீங்க விட்டாலும் அவங்க விடமாட்டாங்க." அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, குரலை இறக்கினார். "ஏங்க இப்படி நடுங்கறீங்க? யாரும் உங்கள கடிச்சுத் தின்னுட மாட்டாங்க. எட்டு வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கீங்க. நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம், அவ்வளவுதானே?"

அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "சரி மேடம்" என்று எழுந்து வந்துவிட்டாள். ஒன்றை மறைக்கப் பழகியவளுக்கு அடுத்ததை மறைப்பது கஷ்டமே இல்லை, அதுதான் அதில் உள்ள கேடு.

சனிக்கிழமை காலை தத்துவத் துறையின் மாடி வராந்தாவில் அண்ணன் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். விமானத்தில் கசங்கிய சட்டையைக் கழிப்பறையில் மாற்றி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"பாப்பா! இங்க லிஃப்ட் பாத்தியா? ரெண்டாவது மாடில அரை இஞ்ச் கீழ நிக்குது. யார்கிட்டயாவது சொல்லணும்."

"அப்புறம் சொல்லிக்கலாம் அண்ணா."

"அந்த ரெண்டு பக்கத்த மூணு தடவ படிச்சேன். கேள்வி கூட எழுதிட்டு வந்திருக்கேன். என்னமோ பரீட்சை எனக்குன்ற மாதிரி பயமா இருக்கு." மடித்த தாளைச் சட்டைப்பையிலிருந்து பாதி எடுத்துக் காட்டினான். "அம்மா இருந்திருந்தா அவங்களத்தான் கூட்டிட்டு வந்திருப்ப. அவங்க இல்லாததுக்கு நான்."

"வா அண்ணா, கூப்பிடறாங்க" என்று அவள் உள்ளே நடந்தாள்.

அறை சின்னதுதான். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவி. வலப்பக்கம் தருக்கவியல் ஆசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆகவே'. மூச்சு விடும் இடத்திலெல்லாம் அந்த வார்த்தையைப் போடுவார். அவளைத் தருக்கவியலில் ஒரு தடவை கவிழ்த்த மகராசனும் அவர்தான். இடப்பக்கம் இருந்தவர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர், வந்ததிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சன்னலோரம் தனி நாற்காலியில் வெளியாள். அவன் தொடைமேல் அந்தப் படிவம்.

அவள் எழுந்து நின்றாள். வேலை போன மகனை வைத்து ஆரம்பித்தாள். மூன்று நிமிடம் ஓடியது. வண்டி எப்படியோ தடம் புரளாமல் போகிறதே என்று நினைத்தபோதுதான் 'ஆகவே' பேனாவை மேசையில் தட்டினார்.

"ஒரு நிமிஷம். உங்க கட்டுரைல இருக்கறது இந்தப் பையன் இல்லையே. ஸ்கேன் எடுக்கற பொண்ணு. பலமான உதாரணத்த விட்டுட்டு நோஞ்சான் உதாரணத்தோட சண்ட போட்டா அது எதிர்வாதம் ஆகாது. ஆகவே, அந்தப் பொண்ணுக்கு எதிரா பேசுங்க."

துறைத்தலைவி ஆமோதித்தார். கொட்டாவிக்காரர் கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் சன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அங்கேயே விழுந்துவிடுவாள்.

"சரி" என்றாள். "அந்தப் பொண்ணு... தன்னோட அம்மாவோட ஸ்கேன அவதான் முதல்ல பாக்கறா. அம்மாகிட்ட மறைக்கறா. அம்மாவே கேக்கல, கேக்காதவங்களுக்கு ஏன் சொல்லணும்கறது அவளோட வாதம். கட்டுரைல நானும் அதத்தான் எழுதியிருக்கேன். ஆனா அம்மா ஏன் கேக்கல? கேக்கறதுக்கு அவ இடமே கொடுக்கல. கதவத் தாழ் போட்டுட்டு, யாரும் தட்டலன்னு சொல்ற மாதிரி அது."

கையிலிருந்த குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போனாள்.

"அம்மா பயந்துடக் கூடாதுன்னு மறைச்சேன்னு அவ சொல்றா. உண்மைல பயந்தது யாரு? அம்மா அழுதா தாங்கமாட்டேன்னு பயந்தவ அவதான். தன்னோட பயத்துக்கு அம்மாவோட பேரப் போட்டுக்கிட்டா. மூணாவது..." இங்கே தண்ணீர் குடித்தாள். "ஒரு பொய்ய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்ல முடியாது. அம்மாகிட்ட மறைக்கணும்னா, அம்மாவ வந்து பாக்கறவங்ககிட்டயும் மறைக்கணும். யாரு வந்தா அம்மாவுக்குச் சந்தேகம் வருமோ, அவங்கள வரவிடாம பண்ணணும். அவங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருந்த கடைசி நாளுங்க அவளோடது இல்ல. அத எடுத்துக்க அவளுக்கு உரிமை கிடையாது. எடுத்துக்கிட்டா. எடுத்துக்கிட்டது அவங்களுக்குத் தெரியக்கூட விடல."

பதினைந்து நிமிடம் முடிந்ததை மணி அடிக்காமலேயே எல்லோரும் உணர்ந்தார்கள். அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். எட்டு ஆண்டில் அவள் பேசியவற்றிலேயே ஒழுங்கான வாதம் அதுதான்.

துறைத்தலைவி சன்னல் பக்கம் திரும்பினார். "இப்போ நீங்க. ஒரு கேள்வி. எது வேணும்னாலும் கேக்கலாம்."

அண்ணன் எழுந்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான். நெற்றி வியர்த்திருந்தது.

"நான் எழுதிட்டு வந்தது வேற" என்றான். "அந்தப் பொண்ணுக்கு... அந்தப் பொண்ணுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது உண்டா?"

அறையில் மற்றவர்களுக்கு இது ஏதோ படிக்காதவரின் அப்பாவிக் கேள்வியாகப் பட்டிருக்க வேண்டும். துறைத்தலைவி கனிவாகச் சிரித்தார். "உதாரணத்துல அதப் பத்தி ஒண்ணும் இல்ல" என்று அவனிடம் சொல்லிவிட்டு, இவளிடம் திரும்பி, "குறிப்பிடலன்னு சொன்னா போதும்மா. அதுவும் பதில்தான்" என்றார்.

நல்ல மனசோடு திறந்துவிட்ட கதவு அது. குறிப்பிடலை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் படிவத்தில் புரிந்தது என்று எழுதிவிடுவான். தங்கை மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். சந்தேகத்தைக்கூடத் தானே அடித்துத் துவைத்து ஓரமாகப் போட்டுவிடுவான். பட்டமும் கிடைக்கும், அண்ணனும் கிடைப்பான். உண்மையைச் சொன்னாலோ இரண்டுமே கையை விட்டுப் போகலாம். இப்படி ஒரு பயத்தை அம்மாவின் ஸ்கேனைப் பார்த்த அன்றுகூட அவள் பட்டதில்லை.

அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேட்டுவிட்டான். கேட்காதவரைக்கும்தான் மறைக்கலாம் என்று அவளே எழுதியிருக்கிறாள்.

"இருக்கான்" என்றாள். "ஒரு அண்ணன். தூரத்துல. லீவு இல்லாத நேரத்துல அவன் வந்து நின்னா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்னு, அவசரமில்ல, லீவு கிடைக்கறப்போ வான்னு ஃபோன்ல சொல்லிட்டா. டாக்டர் நாலு மாசம்னு சொல்லியிருந்தாரு. முப்பத்தெட்டு நாள்தான் இருந்தாங்க."

'ஆகவே' வாயைத் திறந்தார். அவருக்கே அந்த வார்த்தை வரவில்லை. வழிகாட்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் உட்கார்ந்து பேனாவைத் திறந்தான். ஒரு வார்த்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமும் அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்புளி பிடித்துக் காய்த்துப்போன கை. எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

துறைத்தலைவி தாளைப் பார்த்தார். "புரிந்ததுன்னு எழுதியிருக்கார்" என்றார். மூன்று பேரும் கூடிப் பேச அவளை வெளியே அனுப்பவில்லை; அங்கேயே ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். "தேறிட்டீங்கம்மா." முப்பத்தாறாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுத் திட்டத்தாளை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கியது யாருக்கோ வாங்கியது மாதிரி இருந்தது. நன்றி சொன்னாளா என்றுகூட நினைவில்லை. அண்ணன் போய்விட்டிருப்பான், நேராக விமான நிலையத்துக்கே போய்விட்டிருப்பான் என்ற ஒரே நினைப்பில் ஓடினாள்.

போகவில்லை. வராந்தாவின் கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் மூன்று படி மேலேயே நின்றுவிட்டாள். கிட்டே போகப் பயம்.

"அண்ணா."

"புரிஞ்சுதுன்னு எழுதிட்டேன்" என்றான் திரும்பாமலே. "அதுல அத மட்டும்தான் கேட்டிருந்தாங்க. மத்தது எதையும் கேக்கல."

"தெரியும் அண்ணா."

கீழே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் கைப்பிடியை இறுகப் பிடித்தான். "ஒண்ணு சொல்லு. அந்த முப்பத்தெட்டு நாள்ல... அம்மா என்னைக் கேட்டாங்களா?"

இதற்கும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இரண்டு ஆண்டாக, என்றாவது கேட்டால் சொல்லலாம் என்று பக்குவமாக வைத்திருந்த பதில். மருந்து மயக்கத்துல தூங்கிட்டேதான் இருந்தாங்க அண்ணா, யாரையும் கேக்கல. அவன் மனதை ஆற்றுகிற பதில். நாற்பது பக்கமும் அதன் கட்சி. சொல்வதற்கு வாயும் திறந்துவிட்டது.

"தினமும் கேட்டாங்க" என்றாள். "காலைல கண்ணத் தொறந்ததும், 'அவனுக்கு லீவு எப்போ கிடைக்குமாம்'னு கேப்பாங்க. கடைசி நாளும் கேட்டாங்க."

அண்ணன் படியில் அப்படியே உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, வாய்விட்டு அழுதான். அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். அவன் தோளைக் குலுக்கி அந்தக் கையைத் தள்ளிவிட்டான். தள்ளிவிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் நின்றாள். இனி இவன் என்னைப் பாப்பா என்று கூப்பிடவே மாட்டான் என்று தோன்றியது.

கீழே வாசலில் காத்திருந்த கணவர் அண்ணாந்து குரல் கொடுத்தார். "என்னாச்சு? பாஸா?"

அவள் பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.

அழுது ஓய்ந்ததும் அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். அவளைப் பார்க்காமல், தனக்குக் கீழே இருந்த படியைக் காட்டினான். "உக்காரு. முதல்லேந்து சொல்லு. ஒவ்வொரு நாளா சொல்லு. எனக்கு வலிக்கும்னு எதையும் விட்டுடாத."

அவள் உட்கார்ந்தாள். கையிலிருந்த திட்டத்தாள் வியர்வையில் நனைந்து போயிருந்தது.

"ஒரு செவ்வாய்க்கிழமை" என்று ஆரம்பித்தாள். "சாப்பாட்டு நேரம். வயிறு ஒரு மாதிரியா இருக்குன்னு அம்மா தனியா பஸ் ஏறி வந்தாங்க."